திருத்தணிக்காரனும் தலைவர் நாற்காலியும்

சட்டம் படித்தவன் கோர்ட்டில் நிற்பதைவிட வகுப்பில் நிற்பது மானமான பிழைப்பு என்று நம்பி வந்தவர்கள் என்னைப்போல் இன்னும் சிலர் இருப்பீர்கள்; உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சித்தூரில் ஜூனியர்

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். சென்னையில் பி.எல். முடித்துச் சித்தூரில் ஒரு பெரிய வக்கீலிடம் சேர்ந்தேன். சீனியர் வராத நாளில் எழுந்து நின்று வாய்தா கேட்பதுதான் ஜூனியரின் தொழில். ஒரு வருஷம் அதை மட்டுமே செய்தேன். நகரிப் பக்கத்து விவசாயி ஒருவருக்கு வரப்பு வழக்கு. ஆறாவது முறையும் வாய்தா வாங்கிக்கொண்டு நான் வெளியே வந்தபோது, என் கறுப்பு கோட்டை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னொரு நாள் குடுங்க சாமின்னு கேக்கறதுக்கா வக்கீலய்யா இம்மாம் படிப்பு? அதை நானே கேட்டுக்கினு போயிருப்பேனே!"

திருப்பதியில் பொறுப்பு

அந்த ரோஷத்தில்தான் கோர்ட்டை விட்டேன். திருப்பதியில் ஒரு கல்லூரியில் சட்ட விரிவுரையாளர் வேலை கிடைத்தது, தற்காலிகம்தான். அடுத்த வருஷமே துறைத் தலைவர் ஓய்வு பெற்றார். நிரந்தரமாக ஒருவரைப் போடும்வரை என்னைப் பொறுப்பாக வைத்தார்கள். அட்டவணை, வினாத்தாள், கடிதப் போக்குவரத்து எல்லாம் என் தலையில். ஆனால் பொறுப்பில் இருப்பவன் தலைவரின் நாற்காலியில் உட்காரக்கூடாது என்பது அங்கே வழக்கம். மேஜையின் பக்கவாட்டில் வேறு நாற்காலி போட்டு, முழங்கையை ஒடுக்கிக்கொண்டு எழுதினேன். அந்த நிரந்தர வேலைக்கு மனுவும் போட்டேன். வேறு யாருக்குக் கொடுத்துவிடப் போகிறார்கள்?

ஒருநாள் காலியாகக் கிடந்த அந்த நாற்காலியில் ஃபைல்களை வைத்தேன். அட்டெண்டர் பதறி எடுத்துவிட்டார்.

"வேணாம் சார். யாராச்சும் பாத்தா, நீங்க இப்பவே துண்டு போட்டுக்கினீங்கன்னு சொல்வாங்க."

சான்றிதழ்

நிரந்தர வேலைக்கு ஆந்திராக்காரன் என்று சான்றிதழ் வேண்டுமாம். என் ஊர் திருத்தணி தாலுக்கா. நான் பிறந்தபோதும், படித்தபோதும், இந்த வேலையில் சேர்ந்தபோதும் அது சித்தூர் ஜில்லாவில்தான் இருந்தது. ஆந்திராவும் சென்னையும் செய்துகொண்ட எல்லைத் தீர்வில் தாலுக்காவே சென்னை ராஜ்யத்துக்குப் போய்விட்டது. அன்றைக்கு நான் திருப்பதியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். என் மேல் என்ன தப்பு?

திருத்தணி தாலுக்கா ஆபீஸில் சென்னை ராஜ்யத்தவன் என்றுதான் எழுதுவோம் என்றார்கள். சித்தூர் கலெக்டர் ஆபீஸில் நாலு நாள் நின்றேன். குமாஸ்தா நல்ல மனுஷர். உட்காரச் சொல்லித்தான் கையை விரித்தார்.

"வெளியிலேர்ந்து குடியேறி வந்திருந்தா, இத்தினி வருஷமா இருக்காருன்னு எழுதிடுவேன் சார். நீங்க வரவும் இல்ல, போகவும் இல்ல. உங்களை எந்த பாரத்துல எழுதறது?"

புதிய தலைவர்

வேலை குண்டூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. ஊரில் என் அப்பா, நைனா, மகன் துறைத் தலைவராகப் போகிறான் என்று அதற்குள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். அவருக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் இரண்டு வாரம் கடிதமே போடவில்லை. புதியவர் முதல் நாள் வந்து உட்கார்ந்தார். பாடத்திட்டத்தைப் புரட்டினார். மூடினார். என்னைக் கூப்பிட்டுத் தெலுங்கில் அன்பாகவே சொன்னார்:

"நல்லவேளை, நீங்க இருக்கீங்க பாபு. எல்லாத்தையும் முன்னே மாதிரியே பாத்துக்கோங்க. நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

சட்டம் படித்ததில் எனக்கு ஒரு லாபம் உண்டு: எனக்கு நடந்த அநியாயம் முழுக்க முழுக்கச் சட்டப்படிதான் நடந்தது என்பதை வேறு வக்கீலிடம் போய்க் கேட்காமல் நானே தெரிந்துகொண்டேன்.