காய்ந்த காற்று

கைலேஞ்சித் துணியை நாலாய் மடித்துக் குழாய் வாயில் பிடித்துக்கொண்டு, வால்வை மயிரிழை அளவு திறக்கிறார் ஒஸ்வால்ட். காற்று சீறுகிறது. வால்வை மூடிவிட்டு லேஞ்சியை வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கிறார். ஈரமில்லை, கறையுமில்லை. பிறகு மூக்கருகே கொண்டுபோகிறார், மீன் வாங்கப் போனவர் செவுளைத் தூக்கிப் பார்க்கும் கவனத்துடன். "காஞ்ச காத்து," என்கிறார், யாருக்கென்றில்லாமல். அதற்குப் பிறகுதான் காற்றுத் தாங்கியைக் குழாயில் பூட்டுகிறார்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையின் பின்புறக் கொட்டகை இது. பாடசாலைக்குக் காற்றுத் துப்பாக்கி அணி ஒன்று உண்டு. அந்தத் துப்பாக்கியில் வெடிமருந்து இல்லை. குழலுக்குக் கீழே ஒரு சிறு சிலிண்டர், அதற்குள் அடைத்த காற்றுத்தான் குண்டைத் தள்ளுகிறது. கார் டயருக்குள் இருப்பதைப்போல நூறு மடங்கு அழுத்தம் வேண்டும். சைக்கிள் கடையில் அடிக்கிற காரியமல்ல. இந்தக் காற்றை அடித்துக் கொடுப்பதுதான் ஒஸ்வால்டின் இப்போதைய வேலை.

துறைமுக வேர்க்ஷொப்பில் பிற்றராக இருந்து ஓய்வுபெற்றவர். வயது அறுபத்திரண்டு. காக்கிக் களிசான், காதில் செருகிய பென்சில். தெருவில் நடந்துகொண்டிருப்பவர் யாரோ கூப்பிட்டதுபோல் நின்று திரும்புவார். கூப்பிட்டது எந்த மனிதருமல்ல, ஏதோ ஒரு கடையின் ஐஸ்பெட்டி மோட்டர். "பெல்ற் தளர்ந்திட்டுது," என்று சொல்லிவிட்டு மேலே நடப்பார். தேவாலயத்தில் பூசை நேரத்தில் மின்விசிறியின் பெயரிங்கைப் பற்றி மனைவி பிறிஜெற்றின் காதில் சொல்லி, திட்டும் வாங்கியிருக்கிறார்.

முன்பு சுழியோடிகளுக்குக் காற்று அடித்துக் கொடுக்கும் இடமொன்றில்தான் பாடசாலையும் தாங்கியை நிரப்பி வந்தது. உள்நாட்டுச் சண்டை கூடிக் கடலில் இறங்கக் கட்டுப்பாடு வந்ததும் அந்த இடம் பூட்டுப்பட்டுப் போயிற்று. தேசியப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. தாங்கியில் அடிக்காற்றுத்தான் மிச்சம். அணிக்குப் பொறுப்பான ஐறீன் ரீச்சர், பாதுகாப்பு அமைச்சின் அனுமதிக்கு அலைந்து, அதுவும் கிடைத்த பிறகு ஒஸ்வால்டின் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அண்ணை, காத்தடிக்கிற கொம்பிறசர் ஒண்டு பார்த்து எடுத்துத் தரவேணும். எங்களுக்கு ஒண்டும் விளங்காது."

முதலில் காலி வீதியில் ஒரு குளிர்சாதனக் கடைக்குப் போனார்கள். கைப்பெட்டி அளவில் புத்தம்புது மெசின், கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறம். ரீச்சருக்குப் பார்த்தவுடனேயே பிடித்துவிட்டது. ஒஸ்வால்ட் அதை ஓடவிடச் சொல்லிவிட்டு ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அருகில் உட்கார்ந்தார். விற்பனையாளர் ஆரம்பித்த விளக்கத்தைக் கையைக் காட்டி நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் மெசினின் தலையில் கைவைத்துப் பார்த்து, சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"ரீச்சர், இது ஒரு துவக்குக்காரனுக்குக் காணும். ஒரு சிலிண்டர் அடிச்சா இதுக்கு மூச்சு வாங்கும். உங்களுக்கு ஒரு வகுப்புப் பிள்ளையள் இருக்கினம்."

அடுத்தது பஞ்சிகாவத்தை. பழைய இயந்திரச் சாமான் விற்கும் பாயிஸின் கடையில், கப்பலிலிருந்து கழற்றிய கொம்பிறசர் ஒன்று கிடந்தது. ஆட்டுக்கல்லின் பருமன், ஆங்காங்கே பெயின்ற் உரிந்த உடம்பு. "கல்லு மாதிரி ஈக்கி அண்ணே, கண்ண மூடிட்டுக் கொண்டு போங்க," என்றார் பாயிஸ். ஒஸ்வால்ட் கண்ணை மூடத்தான் செய்தார், சத்தம் கேட்பதற்காக. ஓட்டம் அவருக்குப் பிடித்தது. பிறகு லேஞ்சியைப் பிடித்தார். நடுவில் கடுகளவு எண்ணெய்ப் பொட்டு.

"சரிவராது தம்பி."

"இந்தச் சொட்டு எண்ணெய்க்கா? நாலு பேர் கேட்டுட்டுப் போயீக்கிறாங்க."

"அவையளுக்குக் குடு. இந்தக் காத்து துவக்குக்குள்ள போனா எண்ணெயும் ஈரமும் சேர்ந்து உள்ளுக்கு அரிச்சுப்போடும். அது தெரிய வாறது போட்டியண்டைக்குத்தான்."

பாயிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பும் வழியில் ரீச்சர் போட்டிக்கு மிஞ்சிய நாட்களை விரல்விட்டு எண்ணினார். மஞ்சள் மெசினையும் விட்டு, இதையும் விட்டால் வேறெங்கே போவது? ஆனால் அடுத்த கிழமை பாயிஸே ஆளனுப்பினார். உள்வளையங்களை மாற்றி, புதுக் கரி வடிகட்டி பூட்டி வைத்திருந்தார். இம்முறை லேஞ்சியைத் தானே வாங்கிப் பிடித்தார். "பாருங்க அண்ணே, தொழுகைக்கே விரிக்கலாம்." ஒஸ்வால்ட் சிரித்த அபூர்வ சந்தர்ப்பங்களில் அதுவும் ஒன்று.

சின்ன லொறியொன்றில் ஏற்றிக்கொண்டு வந்தபோது சோதனைச் சாவடியில் மறித்தார்கள். சாரதிக்குப் பக்கத்தில் தமிழர். பின்னால், சாக்கைத் தூக்கினால், குழாயும் அழுத்தமானியுமாக ஒரு விநோத இயந்திரம். ஒஸ்வால்ட் அனுமதிக் கடிதத்தைக் காட்டினார். கடிதம் உண்மையானதா என்று கேட்டறியும்வரை இயந்திரம் பொலிஸ் நிலையத்தில் இருக்கட்டும், அவர் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். ஒஸ்வால்ட் போகவில்லை. முற்றத்தில் இயந்திரத்தை இறக்கி வைத்த இடத்திலேயே, பக்கத்தில் குந்திக்கொண்டார்.

மத்தியானம் பிறிஜெற் சோற்றுப் பார்சலோடு ஓடிவந்தார். அழுது சிவந்த கண்.

"விடுறம் எண்டு சொல்லியும் ஆராவது பொலிஸில இருப்பினமோ? எழும்புங்கோ."

"விளங்காம ஆரும் வால்வைத் திருகினா ஆளுக்கே ஆபத்து. பிறகு அதுக்கும் என்னைத்தான் தேடி வருவினம்."

பிறிஜெற் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு அவரும் கீழே உட்கார்ந்து பார்சலை அவிழ்த்தார். இரண்டு பேரும் ஒரே இலையில் சாப்பிட்டார்கள். வாசலில் நின்ற கொன்ஸ்டபிள் உள்ளே போய்த் தண்ணீர்ப் போத்தலொன்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

பின்னேரம் ஐறீன் ரீச்சர் அதிபரின் கடிதத்தோடும், பெட்டியில் பூட்டிய துப்பாக்கியோடும் வந்து சேர்ந்தார். கடிதத்தை வாசித்த இன்ஸ்பெக்டருக்கு இன்னும் ஒரு விஷயம் நம்பமுடியாமல் இருந்தது. "வெறும் காற்றா?" என்று சிங்களத்தில் கேட்டார். "வெறும் காற்றுத்தான் சேர்," என்று ஒஸ்வால்டும் சிங்களத்தில் சொன்னார். "காட்டுங்கள்."

மதிலில் இலக்கு அட்டையைக் குத்தினார்கள். ரீச்சர் ஒரு குண்டு வைத்துச் சுட்டார். கைதட்டியது போன்ற ஒரு சத்தம். அட்டையின் நடுக் கறுப்பில் ஓட்டை. இன்ஸ்பெக்டர் துப்பாக்கியைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார். முதல் குண்டு மதிலில் பட்டது. இரண்டாவது அட்டையின் மூலையில். ஒவ்வொரு வெடிக்கும் ஒஸ்வால்டின் முகம் சுருங்கியது. பாடசாலையில் இருந்த கடைசிக் காற்று அது. கறுப்பின் ஓரத்தைத் தொட்ட பிறகுதான் இன்ஸ்பெக்டர் நிறுத்தினார். அட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ஹரி, ஹரி, கொண்டுபோங்கள்," என்றார். சிங்களத்தில் ஹரி என்றால் சரி. கொன்ஸ்டபிள்கள் இரண்டு பேர் கொம்பிறசரைத் தூக்கி லொறியில் ஏற்றிவிட்டார்கள்.

போட்டியில் பிள்ளைகள் இரண்டாமிடம் வந்தார்கள். எந்தத் துப்பாக்கியும் இடையில் மக்கர் பண்ணவில்லை. ஒஸ்வால்ட் அங்கே போகவில்லை. அன்று இந்தக் கொட்டகையில் வடிகட்டி மாற்றிக்கொண்டிருந்தார். கிடைத்த கிண்ணத்தைப் பிள்ளைகள் இங்கே கொண்டுவந்து காட்டியபோது, "பாரமாத்தான் இருக்கு," என்றாராம்.

இவரைப் பற்றி எழுதவென்று நான் போயிருந்த சனிக்கிழமை, பயிற்சிக்கு முன் ஐறீன் ரீச்சர் ஒரு துப்பாக்கியை அவர் கையில் வைத்தார். "இவ்வளவு நாளாக் காத்து அடிச்சுத் தாறீங்கள். நீங்களும் ஒருக்கா அடிச்சுப் பாருங்கோ அண்ணை." வரிசையில் நின்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒஸ்வால்ட் களிசானில் கைகளைத் துடைத்துவிட்டு வாங்கினார். தோளில் பொருத்தினார். ஒரு கண்ணை மூடி, எதிரே வெள்ளை அட்டையின் நடுவிலிருந்த கறுப்புப் புள்ளியை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளைகளின் சிரிப்பு அடங்கிவிட்டது. விரல் விசைக்குப் போகவில்லை. மெதுவாகத் துப்பாக்கியை இறக்கி, குழலை நிலத்தைப் பார்க்கப் பிடித்தபடியே, வரிசையில் முதலாவதாக நின்ற பிள்ளையிடம் நீட்டினார். "இது உங்களுக்கு அடிச்ச காத்து," என்றார்.