திருப்பித் தட்டிய சுவர்

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. இதைப் படித்து முடித்ததும் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள், முகத்துக்கு நேரே சிரித்தவர்களையே நிறையப் பார்த்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். அப்பா சாயப்பட்டறையில் வேலை, அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். காய்ச்சலுக்கு மந்திரிக்கப் போன அம்மாவைப் பாதி வழியில் மடக்கி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஊசி போட வைத்தவன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நடந்தது நடந்ததுதான்.

பனியன் ஏற்றுமதி கொடிகட்டிப் பறந்த வருடங்கள் அவை. திருப்பூரைச் சுற்றியிருந்த சோளக்காடெல்லாம் வீட்டுமனை சைட்டாகிக்கொண்டிருந்தது. உள்ளூர் கேபிள் சேனலில் ஞாயிற்றுக்கிழமை காலை வீடு, மனை விற்பனை நிகழ்ச்சி, தொகுப்பாளர் நான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் மைக், வாய் நிறையக் கொங்குப் பேச்சு. வீட்டைச் சுற்றிக் காட்டிவிட்டுக் கடைசியில் ஏதாவது ஒரு சுவரில் விரல் முட்டியால் மூன்று தட்டு தட்டுவேன். "கேட்டுக்கிட்டீங்களா? நம்பி வாங்கலாமுங்க" என்பேன். தெருவில் நடந்தால் சின்னப் பிள்ளைகள் என்னைப் பார்த்துக் காற்றில் தட்டிக் காட்டும். இதே மாதிரி நிகழ்ச்சி நடத்திய மற்றவர்கள் தூண் இருக்கிற இடமாகப் பார்த்துத் தட்டுவார்கள், சத்தம் கெட்டியாக வரும். நான் அப்படிச் செய்ததே இல்லை. எந்தச் சுவர் என்பதை நான்தான் முடிவு செய்வேன், வீட்டுக்காரர் வாயைத் திறக்கக்கூடாது. என் தட்டுக்கு இருந்த மரியாதையே அதுதான்.

ஜெபமணி அக்கா அம்மாவோடு செக்கிங்கில் இருந்தவர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, வாடகை வீடு மாறி மாறிச் சலித்துப்போனவர். முதலிபாளையம் தாண்டிப் புதிதாகக் கட்டிய ஒரு வீட்டின் மேல் அவருக்கு உயிர். அதற்காக ஊரிலிருந்த நிலத்தையே விற்றிருந்தார். அந்தப் பணம் வீணாய்ப் போனால் திரும்ப விற்க வேறொன்றும் இல்லை.

"ஏ தம்பி, நீ தட்டிப் பாத்துச் சொல்லு. மறுவாரமே பால் காச்சிருவேன்" என்றார். அன்று படப்பிடிப்புக்கும் கூடவே வந்துவிட்டார்.

நீங்கள் ராத்திரி என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இல்லை, நல்ல வெயில் மத்தியானம். கரண்ட் வேறு போயிருந்தது. சுற்றுவட்டாரத்தில் ஒரு மெஷின் ஓடவில்லை, அப்படி ஓர் அமைதியைத் திருப்பூரில் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். அக்கா பின்கட்டில் குழாயைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். கேமரா முருகேசனிடம், அவன் எனக்கு ஸ்கூல் சிநேகிதன். வீட்டைக் கட்டிய பில்டர் அண்ணன் வெள்ளை வேட்டியில் ஹால் மூலையைத் தடவிக்கொடுத்தபடி நின்றார்.

"கண்ணு, இந்த எடத்துல தட்டு. சத்தம் கிண்ணுனு வரும்."

"நீங்க சொன்ன எடத்துல தட்டுனா அப்பறம் நான் எதுக்குங்கண்ணா?"

ஹாலை விட்டு நேராகப் பின்னாலிருந்த படுக்கையறைக்குப் போனேன். மேற்குச் சுவர். மூன்று தட்டினேன்.

சுவர் திருப்பி மூன்று தட்டியது.

முருகேசன் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டான். நான் வெளியே ஓடிச் சுவரின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். உழுது போட்ட காடு, மண்ணில் ஒரு கால் தடம்கூட இல்லை. எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் வந்தது, யாரோ என்னை வைத்து விளையாடுகிறார்கள் என்று. உள்ளே வந்து வேண்டுமென்றே நான்கு தட்டினேன். நான்கு வந்தது. அதே இடைவெளி, அதே அழுத்தம்.

"எலிங் கண்ணு, எலி" என்றார் பில்டர். வேர்த்திருந்தார்.

"எலி நாலு வரைக்கும் எண்ணுமுங்களாண்ணா?"

"அட, புது ஊடு, செங்கல் காயறப்ப சத்தம் வரும். நீ கடைசி டயலாக்கச் சொல்லி முடி சாமி."

பின்கட்டுக் கதவோரம் அக்கா ஈரக் கையோடு நின்றார். தட்டியது அவர் காதில் விழவில்லை, எங்கள் முகம் தெரிந்தது. நான் கேமராவைப் பார்த்துச் சொன்னேன்: "இந்தச் செவுத்துல ஒரு சத்தம் வருதுங்க. என்னன்னு எனக்குத் தெரியலைங்க. தெரியாத ஒண்ண நம்பி வாங்குங்கன்னு நான் சொல்ல மாட்டேனுங்க."

அது ஒளிபரப்பாகவில்லை. சேனல் முதலாளி கூப்பிட்டு, "டிகிரி படிச்சவன் பேசற பேச்சாடா இது?" என்றார். "படிச்சதனாலதானுங்க கேட்டதைக் கேட்டேன்னு சொல்றேன்" என்றேன். அடுத்த ஞாயிறு என் இடத்தில் வேறொருவன் தூணில் தட்டிக்கொண்டிருந்தான்.

அக்கா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பேய்னு சொல்லுதியா?"

"இல்லக்கா. தெரியலைன்னு சொல்றேன்."

"அப்ப வேண்டாம்" என்றார். அவ்வளவு ஆசைப்பட்ட வீடு.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த நிலத்தின் கதையை நான் விசாரிக்காமல் இல்லை. யாரும் சாகவில்லை, மூடிய கிணறு இல்லை, சுடுகாடு இல்லை. வேறொரு குடும்பம் அந்த வீட்டை வாங்கிக் குடிபோய் நன்றாகத்தான் இருக்கிறார்கள். இதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கேலி செய்தார்கள். செய்யட்டும், கேட்ட காது என்னுடையது.

வேலை போன பிறகு ஒருநாள் முருகேசன் அந்த டேப்பைக் கொண்டுவந்தான். எங்கள் வீட்டு டிவியில் போட்டுப் பார்த்தோம். ஹாலில் பில்டரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். அப்போது, சத்தியமாகச் சொல்கிறேன், உள்ளறையிலிருந்து மூன்று தட்டு கேட்கிறது. டேப்பில் நான் பேச்சை நிறுத்தித் திரும்புகிறேன். நேராக அந்த அறைக்குப் போகிறேன். அந்தச் சுவருக்குப் போகிறேன். மூன்று தட்டுகிறேன். என் தட்டுக்குச் சுவரிலிருந்து பதில் சத்தமே இல்லை. இரண்டாவது முறையும் அப்படித்தான். முதலில் சுவர் நான்கு, பிறகு நான் நான்கு. முருகேசனுக்கும் எனக்கும் நினைவிருப்பது வேறு மாதிரி, டேப்பில் இருப்பது வேறு மாதிரி.

எந்தச் சுவர் என்பதை நான்தான் முடிவு செய்வேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்.

வேறொரு சேனல் என்னைச் சேர்த்துக்கொண்டது. இன்றும் தட்டுகிறேன், விடவில்லை. மறு வருடம் ஜெபமணி அக்கா திருப்பூர் ராயபுரத்தில் பழைய வீடொன்றைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கேமரா இல்லை, நாங்கள் இருவர் மட்டும். ஹாலின் நடுவே போய்க் கையை ஓங்கியவன் அப்படியே நின்றுவிட்டேன்.

"என்ன தம்பி, எந்தச் சுவர்னு யோசிக்கியா?"

"இல்லக்கா. ஏதாவது கூப்பிடுதான்னு பாக்கறேன்."

அக்கா சிரித்தார். நான் ஓங்கிய கையை இறக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றேன்.