ஜெய்னம்பு முதலில் சொன்ன வாசனைகள்

மாதத்தின் முதல் சனிக்கிழமை என்பதால் காலையிலேயே இரண்டு வெள்ளைக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன். பத்து மணிக்குள் ஜெய்னம்பு காயல்பட்டினத்திலிருந்து பேருந்தில் வந்து இறங்கிவிடுவாள். பதினொன்று ஆகியும் வரவில்லை. என்ன சொல்லித் திட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. அவள் மகள் ரஹ்மத். என்னைத் தன் தாயின் தங்கையாகவே எண்ணி, சாச்சி என்று கூப்பிடுகிறவள்.

"சாச்சி, உம்மா இன்னைக்கு வரமாட்டாங்க" என்றாள். "விடியக்காலை சுபுஹு தொழுதுட்டு அப்படியே சாஞ்சாங்க சாச்சி. மௌத்தாயிட்டாங்க."

தொலைபேசியை வைத்துவிட்டுக் கவிழ்த்திருந்த கோப்பைகளை நிமிர்த்தினேன். பிறகு மறுபடியும் கவிழ்த்தேன்.

நம் பள்ளியின் பழைய மாணவியர் மலருக்கு இதைக் கேட்டவர்கள், மறைந்தவரை 'அவர்' என்று எழுதும்படி சொன்னார்கள். எட்டாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் மைப்புட்டியைத் தட்டிவிட்டு, "நானில்ல சிஸ்டர், பிலோமினா" என்று கூசாமல் சொன்னவளை நான் அவர் என்று எழுதமாட்டேன். உங்களுக்கு அவளை அவள் கையெழுத்தால் நினைவிருக்கும். ஆண்டுவிழாப் பலகையை வேறு யாரையும் சிஸ்டர் எழுதவிட்டதில்லை. கோடு போடாத தாளிலும் கோடு போட்டதுபோல் எழுதுவாள். என்னையும் நினைவிருக்கும். மூடிய டிபன் டப்பாவை முகர்ந்து, உள்ளே இருப்பது மாங்காயா நார்த்தங்காயா என்று சொன்ன மூக்குக்காரி நான்தான். அந்தப் பட்டப்பெயரில் எனக்கு இருந்த பெருமையை இங்கேயே சொல்லிவைக்கிறேன். பின்னால் அது தேவைப்படும்.

என் கணவர் இறந்து ஒரு மாதம் கழிந்து அவள் வந்தாள். மற்றவர்கள் ஆறுதல் சொன்னார்கள். அவள் பையிலிருந்து காகிதம் சுற்றிய இரண்டு வட்டுகளை எடுத்து மேசையில் வைத்தாள். உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டையாக்கியதுபோல் இருந்தன. "இதுக்குப் பேரு பூயர். சீனாக்காரன் தேயிலை. பழசு, எங்க வீட்டுக்காரங்க ஹாங்காங்ல ரத்தினக்கல் யாவாரம் பார்க்கையில வாங்கினது. வாங்கையிலேயே அதுக்கு இருபது வயசு. புதுசு, மருமகன் இப்ப அனுப்பினது. ரெண்டும் ஒரே மலையாம். உன் மூக்கை வச்சுக் கண்டுபிடி பார்ப்போம்" என்றாள்.

அன்றிலிருந்து அது எங்கள் வழக்கமானது. என் வீட்டு மாடி அறையில் உட்கார்வோம். அங்கிருந்து பார்த்தால் துறைமுகத்துக்கு வெளியே காத்து நிற்கும் கப்பல்கள் கடலில் மிதப்பதாகத் தெரியாது. வெயில் புகையில் நீருக்கும் வானத்துக்கும் நடுவே தொங்கும். மொட்டைமாடியில் பிடித்து வடிகட்டிய மழைத் தண்ணீரைத்தான் காய்ச்சுவோம். "கேன் தண்ணியில உயிர் இல்லளா" என்பாள். வட்டிலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்துப் போட்டதும் இலைகள் முதலில் ஒன்றும் செய்வதில்லை. பிறகு, தூக்கம் கலைந்து கைகால்களை நீட்டுகிறவர்களைப்போல, மெல்ல ஒவ்வொன்றாகப் பிரியும்.

விதிகளை நான்தான் வகுத்தேன். பழைய தேயிலை கருஞ்சிவப்பாக இறங்கும், புதியது இளமஞ்சளாக. நிறம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் குடிப்பவள் கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொள்ள வேண்டும், மற்றவள் ஊற்ற வேண்டும். எது பழையது என்று சொன்ன பிறகே கட்டை அவிழ்க்க வேண்டும். அவிழ்த்ததும் ஆளுக்கொரு நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் என்ன வாசனை தோன்றியது என்று எழுத வேண்டும். எழுதி முடிக்கும்வரை வேறு பேச்சு கூடாது.

புதியது முதல் வாயில் அகத்திக்கீரையாகக் கசக்கும். விழுங்கிய பின், நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்ததுபோல் தொண்டையில் ஓர் இனிப்பு ஏறி வரும். பழையதில் அந்தச் சண்டையே இல்லை. அது நாவில் தங்காமல் நேராக மூக்குக்குள் போய் ஓர் அறையைத் திறக்கும். நான், 'கோயிலில் பூசை உடுப்பு வைக்கும் மர அலமாரி' என்று எழுதினேன். அவள், கரையில் கிடக்கும் படகை நினைத்து, 'மழை நின்றதும் வள்ளத்தின் உள்பக்கம்' என்று எழுதியிருந்தாள். மூன்றாவது கோப்பைக்குமேல் இருவருக்கும் பேச்சு குறைந்துவிடும். கப்பல்களையும் ஆவியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்போம். எது எங்கே முடிகிறதென்று தெரியாது. செத்துப்போன எங்கள் கணவர்கள் கீழே வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பதாகக்கூட எனக்குத் தோன்றியதுண்டு. அதை நான் அவளிடம் சொன்னபோது, "உங்க ஆளு செருப்பை நேரா விடமாட்டாரே, இன்னைக்காவது விட்டாரா பாரு" என்றாள்.

இனி நான் ஜெய்னம்புவிடம்கூடச் சொல்லாததைச் சொல்ல வேண்டும்.

ஊரெல்லாம் காய்ச்சலில் கிடந்த ஆண்டில் எனக்கும் வந்தது. பத்து நாளில் எழுந்துவிட்டேன். வாசனை மட்டும் திரும்பி வரவில்லை. சோப்பு, சாம்பிராணி, திரேஸ்புரத்திலிருந்து வரும் சாளை மீன், எல்லாம் ஒன்றுதான், ஒன்றுமில்லைதான். மருத்துவரிடம் போகவில்லை. என் மகனிடம் சொல்லவில்லை. மூக்குக்காரி மூக்கை இழந்தாள் என்று யாராவது பரிதாபப்படுவதை என்னால் தாங்கியிருக்க முடியாது. நாக்குக்குக் கசப்பும் இனிப்பும் தெரிந்தன. கசந்தால் புதியது, கசக்காவிட்டால் பழையது. அலமாரியைப் பற்றி நினைவிலிருந்து எழுதிவிடலாம். சனிக்கிழமைகள் மறுபடி தொடங்கியபோது அப்படித்தான் சமாளித்தேன்.

மூன்றாவது மாதமோ நான்காவது மாதமோ, ஜெய்னம்பு கைக்குட்டையை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"கண்ணைக் கட்டுற வயசாளா நமக்கு? எழுதுறதும் வேண்டாம். எனக்குக் கை நடுங்குது. நான் வாயால சொல்லுதேன், நீ திருத்து."

"சோம்பேறி. விதின்னா விதிதான்" என்றேன். உள்ளுக்குள் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

அதன்பின் அவளே முதலில் சொன்னாள். "பழசுல இன்னைக்கு ஈரமான கயிறு வாசம் வருதுளா." நான் மெதுவாக உறிஞ்சி, கண்ணை மூடி, "கயிறு இல்லை. சாக்கு. கயிறு இவ்வளவு இனிக்காது" என்பேன். "ஆமா, சாக்குதான். உன் மூக்கை யாரு ஜெயிக்க" என்பாள். முகராத வாசனைகளை முகர்ந்தவளுக்கே திருத்திக் கொடுத்தேன். அவள் ஒவ்வொரு திருத்தத்தையும் ஒப்புக்கொண்டாள். அவளுக்கு வயதாகிறது, மூக்கு மழுங்குகிறது என்று நான் வருத்தப்படவும் செய்தேன்.

அவள் அடக்கம் முடிந்து சில வாரங்கள் கழித்துக் காயல்பட்டினம் போனேன். பெண்கள் மட்டும் நடக்கும் முடுக்கு வழியாக ரஹ்மத் என்னை வீட்டுக்குள் கூட்டிப்போனாள். பழைய வட்டில் எஞ்சியிருந்த கால்வாசியையும் ஒரு பிஸ்கட் டின்னையும் என் மடியில் வைத்தாள். "உங்க வீட்டிலேர்ந்து வந்ததும் உம்மா எதையாவது எழுதி இதுல போடுவாங்க. நான் படிக்கல சாச்சி" என்றாள்.

உள்ளே நாள்காட்டித் தாள்கள் அடுக்காக இருந்தன. கை நடுங்குகிறது என்று சொன்ன பிறகு எழுதியவையும் இருந்தன. கோடு போடாத தாளில் கோடு போட்டதுபோன்ற எழுத்து. ஓர் எழுத்துகூட நடுங்கவில்லை.

ஒரு தாளில் இப்படி இருந்தது: 'இன்று இரண்டு கோப்பையிலும் புதியதையே ஊற்றினேன். ஒன்றை இலேசாக, ஒன்றைக் கடுப்பாக. இலேசானதைப் பழையது என்று சொல்லி, அலமாரி வாசம் என்று எழுதினாள். நிறம் காட்டிக்கொடுக்காதபடி, அவள் கட்டை அவிழ்க்குமுன் பழையதை ஊற்றிய கோப்பையை அதன் இடத்தில் மாற்றி வைத்துவிட்டேன். பிலோவுக்கு வாசம் போய்விட்டது. சொல்லமாட்டாள். இனி நான்தான் முதலில் சொல்ல வேண்டும்.'

கடைசித் தாள், அவள் கடைசியாக வந்த சனிக்கிழமையுடையது. அன்று எனக்குக் களைப்பாக இருந்தது. அவள் ஏதோ சொன்னாள். நான் "ம்" என்று மட்டும் சொன்னேன். அவள் எழுதியிருந்தாள்: 'பழையதில் இன்று மழை நின்றதும் வரும் வள்ளத்து வாசம், முதல் நாளைப்போலவே. பிலோ திருத்தவில்லை. உடம்புக்கு என்னவோ, கேட்க வேண்டும்.'

ரஹ்மத் அடுப்படியில் தண்ணீர் காய்ச்சிப் பழைய தேயிலையை ஊற்றிக் கொண்டுவந்தாள். கோப்பையை முகத்துக்கு நேரே பிடித்தேன். ஆவி கன்னத்தில் பட்டது. அவ்வளவுதான்.

"எப்படி இருக்கு சாச்சி? உம்மா போட்ட மாதிரி வந்திருக்கா?"

"எனக்கு வாசம் தெரியாது ரஹ்மத். காய்ச்சல் வந்த வருஷத்திலிருந்தே தெரியாது. நீ குடிச்சுச் சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். பரிதாபப்படவில்லை. உறிஞ்சிவிட்டு, தாயைப்போலவே தலையைச் சாய்த்து யோசித்தாள். "பழைய பொஸ்தகம் மாதிரி. வெயில்ல காயவச்ச பொஸ்தகம். சரியா?"

"தெரியாது. அப்படியே எழுதி டின்னில் போடு" என்றேன்.

தேயிலையில் கால் வட்டு என்னிடம் இருக்கிறது. அதைச் சேர்ந்து குடிக்க ரஹ்மத் மாதத்தின் முதல் சனிக்கிழமை வருகிறாள். டின்னும் என்னிடம்தான் இருக்கிறது. பூயருக்கு என்ன வாசனை என்று உங்களில் யாராவது கேட்டால், மழை நின்றதும் வள்ளத்தின் உள்பக்கம் என்று சொல்வேன். அது ஜெய்னம்பு சொன்னது. அதை நான் திருத்தமாட்டேன்.