ஊசிக்காரர் வண்டியும் வின்டேஜ் கமிட்டியும்

மாடுகளுக்கு என்னைப் பிடிக்காது. இதில் நான் வருத்தப்பட ஒன்றுமில்லை, என் உத்தியோகம் அப்படி. கால்நடைத் துறையில் வேலை. டாக்டர் அல்ல, டாக்டருக்கு ஒரு படி கீழே. கோமாரி தடுப்பூசியும் சினை ஊசியும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் குத்திவிட்டு வர வேண்டும். 1996இல் சின்னமனூருக்கு மாற்றலாகி வந்தேன். வந்த மாதமே ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கினேன். அதன் கம்பெனிப் பெயரைச் சொல்ல மாட்டேன். பாவம், அதற்குப் பிறகு நடந்த எதற்கும் அவர்கள் பொறுப்பில்லை.

அந்த வண்டிக்கென்று ஒரு சத்தம் உண்டு. டப் டப் டப் என்று ஒழுங்காக வந்துகொண்டே இருக்கும், திடீரென்று ஓர் அடியை விழுங்கிவிடும். பிறகு விழுங்கியதற்கும் சேர்த்து 'டொப்' என்று ஒன்று போடும். விக்கல் என்றுதான் சொல்ல வேண்டும். வண்டியை விற்றவர் அதைச் சரிசெய்வது அரை மணி நேர வேலை என்றார். நானும் நம்பினேன்.

நான் பழகிக்கொள்வதற்கு முன்னால் மாடுகள் அதைப் பழகிக்கொண்டன. என் பொறுப்பில் இருந்த பொட்டிப்புரத்து எல்லையில் வண்டி நுழைந்ததுமே தொழுவங்களில் கயிறு அறுபடும். நான் போய்ச் சேரும்போது ஊரில் மாடு இருக்காது, மாட்டைத் தேடிப் போன ஆட்களும் இருக்க மாட்டார்கள். மிச்சமிருக்கும் கோழிகளுக்கு என்னிடம் மருந்து கிடையாது. கடைசியில் ஊருக்கு வெளியிலேயே எஞ்சினை அணைத்துவிட்டு, திருடனைப் போல வண்டியைத் தள்ளிக்கொண்டு போக ஆரம்பித்தேன். ஊசிக்காரர் இறங்கித் தள்ளிக்கொண்டு வருகிறார் என்றால் தடுப்பூசி நாள் என்று ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்வார்கள்.

எங்கள் வீட்டிலும் ஒரு பசு இருந்தது. வாய்க்கால் பாலத்தைத் தாண்டினால் எங்கள் தெரு. நான் வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம் அது தொழுவத்தின் கடைசி மூலையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருக்கும். எனக்குக் கொஞ்சம் மனக்கஷ்டம்தான். நான் வாங்கிப்போடும் பருத்திக்கொட்டையைத்தானே தின்கிறது? ஆனால் மனைவி விஷயத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மத்தியானமோ, ராத்திரியோ, நான் எந்நேரம் வந்தாலும் கைகால் கழுவிவிட்டு உட்காரும்போது தட்டில் சுடச்சுடத் தோசை விழும். என் வீட்டுக்காரிக்கு நான் வரும் நேரம் மனசுக்குத் தெரியும் என்று ஆபீஸில் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அப்படிப்பட்டவளுக்கே வண்டி மேல் வெறுப்பு வந்தது. உத்தமபாளையத்தில் அவள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, மடியில் சீர்த்தட்டு என்று பின்னால் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் வண்டி நின்றுவிட்டது. நான் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, அவள் பின்னாலிருந்து தள்ளினாள். எங்களைத் தாண்டிப் போன பஸ்ஸில் அவளுடைய சித்தி, அத்தை, பெரியம்மா எல்லோரும் இருந்தார்கள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நாங்கள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும், இதை இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டு ஒரு நல்ல வண்டி வாங்குங்கள் என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். இது சாதாரண வண்டி இல்லை, வின்டேஜ், பழசாக ஆக மதிப்பு கூடும் என்று வாயைக் கொடுத்தேன். அந்த வார்த்தையை அதற்கு முந்தின நாள்தான் பேப்பரில் படித்திருந்தேன்.

அந்த வருடம், 2007 என்று நினைக்கிறேன், எங்கள் ஊர்ப் பொங்கல் விழாக் குழுவுக்கும் அதே வார்த்தை தொற்றிக்கொண்டது. மாட்டுப் பொங்கலன்று வின்டேஜ் மோட்டார் சைக்கிள் ஊர்வலம் என்று ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தார்கள். அதைக் கேட்டதும் மனைவி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"இந்தா பாருங்க, வின்டேஜு வின்டேஜுன்னு சொல்றீகள்ல, அதை அவுக வாயால சொல்லட்டும். சொல்லிட்டாகன்னா வண்டி இங்கனயே கிடக்கட்டும், நான் வாயைத் தொறக்க மாட்டேன். இல்லைன்னா பொங்கல் கழிச்சு இரும்புக் கடைக்காரரை வரச் சொல்லிருவேன்."

சரி என்றேன். உள்ளுக்குள் பயம்தான். எனக்கு அந்த வண்டி என்றால் உயிர். மகள் பிறந்த சேதி வந்தபோது நான் வருசநாட்டில் ஒரு மாட்டுக் கொட்டகையில் இருந்தேன். அடை மழை, பஸ் கிடையாது. விக்கிக்கொண்டே என்றாலும் வழியில் ஓர் இடத்தில்கூட நிற்காமல் என்னைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரி வாசலில் சேர்த்தது. அதைத் தராசில் தூக்கி வைத்து எடை போடுவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

வின்டேஜ் எது என்று முடிவு செய்ய மூன்று பேர் கமிட்டி. தலைவர், தேங்காய் மண்டி ராவுத்தர். ராணுவ ஏலத்தில் எடுத்த புல்லட் வைத்திருந்தார். இரண்டாமவர் ரோடு போடும் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக்காரன் காலத்து வண்டி ஒன்று அவர் வீட்டுக் கார் ஷெட்டில் நின்றது. அது ஓடி யாரும் பார்த்ததில்லை. மூன்றாமவர், விஷயம் தெரிந்தவர் வேண்டும் என்பதற்காகச் சேர்க்கப்பட்ட மெக்கானிக். என் வண்டிக்கும் அவர்தான் மெக்கானிக். நம்ம ஆள் ஒருத்தர் உள்ளே இருக்கிறார் என்று நான் சந்தோஷப்பட்டதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

கமிட்டி மண்டியில் தேங்காய்க் குவியல்களுக்கு நடுவே கூடியது. நான் போனபோது இரண்டு பெரியவர்களும் ஏற்கெனவே சண்டையில் இருந்தார்கள். ராணுவத்தில் இருந்த வண்டிதான் வின்டேஜ், மற்றதெல்லாம் வெறும் பழசு என்பது ராவுத்தர் கட்சி. கப்பலில் வந்திறங்கியதுதான் வின்டேஜ் என்பது இன்ஜினியர் கட்சி. ஓடாத வண்டி எப்படி ஊர்வலத்தில் வரும் என்று ராவுத்தர் கேட்டார். உண்மையான வின்டேஜ் ஓடவே கூடாது, ஓடுகிறது என்றால் எவனோ கையை வைத்திருக்கிறான் என்று அர்த்தம் என்றார் இன்ஜினியர். அவரவர் வண்டியின் அளவுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இரண்டு பேர் வண்டியும் உள்ளே வருகிற மாதிரி ஒரு சட்டம் போட்டார்கள்: முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும், பாகமெல்லாம் ஒரிஜினலாக இருக்க வேண்டும்.

வயதில் என் வண்டி தேறிவிட்டது. ஒரிஜினலா என்று பார்க்க மெக்கானிக் எழுந்து வந்தார். வண்டியைச் சுற்றி வரவர அவர் முகம் மலர்ந்தது, தான் கட்டிய வீட்டைச் சுற்றிப் பார்க்கும் கொத்தனார் மாதிரி.

டேங்க் நம்ம போட்டது என்றார். சீட் நம்ம போட்டது, முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க், போடி ரோட்டில் அடிபட்டுக் கிடந்த வண்டியிலிருந்து கழற்றி நம்ம மாட்டியது. பிஸ்டன், கார்புரேட்டர், சைலன்சர் எல்லாம் நம்ம கை. சக்கரத்தைத் தொட்டுக் காட்டினார். செயினை இழுத்துக் காட்டினார். அவர் காலை மிதிக்காத குறையாக நான் கண்ணைக் காட்டினேன். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, எஞ்சினில் தான் செய்த வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்.

ராவுத்தருக்கே என் மேல் இரக்கம் வந்துவிட்டது. "அப்ப இதுல ஒரிஜினல்னு ஒன்னுமே இல்லையாப்பா?" என்று கேட்டார்.

மெக்கானிக் வண்டியை இன்னொரு தடவை சுற்றி வந்தார். "சார் மட்டுந்தான்ணே ஒரிஜினலு" என்று என்னைக் காட்டினார்.

மாட்டுப் பொங்கலன்று ஊர்வலத்தைப் பார்க்கப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். மனைவிதான் பார்க்க வேண்டும் என்றாள். ரோடு யார் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லையே என்று அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். கடைவீதி முடிகிற இடத்தில் டீக்கடைக்குப் பின்னால் வண்டியை நிறுத்திவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் கூட்டத்தோடு நின்றோம். கொட்டு மேளம் முன்னால் வந்தது. அதற்குப் பின்னால் புல்லட்டில் ராவுத்தர், வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. பிறகு ஏதேதோ வண்டிகள். கடைசியில் ஒரு மாட்டு வண்டி. மாடுகளின் கொம்புக்குப் புது வர்ணம், கழுத்தில் சலங்கை. இன்ஜினியரின் ஓடாத வின்டேஜை மாட்டு வண்டியின் மேல் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். அதன் சீட்டில் செவ்வந்தி மாலையோடு இன்ஜினியர் உட்கார்ந்து, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு சனங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாடு இழுக்கிறது வின்டேஜ், தானாக ஓடுகிறது இரும்புக் கடைக்கா? போவோம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, டீக்கடைக்குப் பின்னால் போய்க் கிக்கரை உதைத்தேன். வழக்கமாகக் கெஞ்ச வைக்கும் வண்டி அன்றைக்கு ஒரே உதையில் பிடித்துக்கொண்டது. டப் டப் டப். ஒரு விக்கல். டொப்.

ரோட்டில் சலங்கைச் சத்தம் நின்றுபோனது. நான் எட்டிப் பார்த்தேன். இரண்டு மாடுகளும் காதைத் தூக்கிக்கொண்டு நின்றன. அடுத்த டொப் வந்ததுதான் தாமதம், வாலைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தன. கூட்டம் இரண்டாகப் பிளந்தது. மேளக்காரர்கள் சாக்கடையைத் தாண்டினார்கள். ராவுத்தரின் புல்லட்டை மாட்டு வண்டி ஓவர்டேக் செய்தது. என்ன வேகத்தில் போக வேண்டும் என்று வெள்ளைக்காரன் அந்த மோட்டார் சைக்கிளைச் செய்தானோ, அந்த வேகத்தில் அது அன்றைக்குப் போனது. இன்ஜினியர் பழக்கதோஷத்தில் பிரேக்கைப் பிடித்துப் பார்த்ததை நானே கண்ணால் பார்த்தேன். வண்டி ரோட்டை விட்டு இறங்கி, வாழைத் தோட்டத்துக்குள் போய் நின்றது.

ஆளுக்கும் மாட்டுக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மாலை மட்டும் ஒரு வாழைத்தாரின் கழுத்துக்கு மாறியிருந்தது. எல்லோரும் ஓடி வந்து சேர்ந்தோம். மாட்டுக்காரர் பொட்டிப்புரத்துக்காரர். என்னை இன்னும் அவர் பார்க்கவில்லை. மாடுகளைத் தடவிக் கொடுத்துக்கொண்டே கத்தினார்.

"ஊசிக்காரவுக எங்கனய்யா நிக்கிறாக? அவுக வண்டிச் சத்தத்துக்குத்தான் இதுக இப்படி ஓடும்."

பொட்டிப்புரம் என் பொறுப்பிலிருந்து வேறொருவருக்குப் போய் இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகுதான் டேங்க், போர்க், சக்கரம் எல்லாம் மாற்றியது. அவ்வளவு மாற்றியும் மாடு அடையாளம் கண்டுபிடித்துவிட்டது.

கமிட்டி வாழைத் தோட்டத்திலேயே அவசரமாகக் கூடியது. ராவுத்தர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, மாடே சாட்சி சொல்லிவிட்டது, அந்த விக்கல் ஒரிஜினல்தான், சேர்த்துக்கொள்வோம் என்றார். தலைமுடியிலிருந்து வாழைச் சருகை எடுத்தபடியே இன்ஜினியர் முடியாது என்றார். மெக்கானிக்கின் ஓட்டுதான் பாக்கி. நான் அவரையே பார்த்தேன். விக்கல் ஒரிஜினல் என்று ஒப்புக்கொண்டால், இத்தனை வருடம் அதற்காக அவர் மாற்றிய சாமான் எல்லாம் வீண் என்று ஊர் முன்னால் ஒப்புக்கொண்டதாகிவிடும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே முடியாது என்று தலையாட்டிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து இரும்புக் கடைக்காரர் தள்ளுவண்டியோடும் தராசோடும் வந்தார். பேச்சு பேச்சாக இருக்க வேண்டும், நான் தடுக்கவில்லை. கடைசியாக ஒரு தடவை வாய்க்கால் வரைக்கும் ஓட்டிவிட்டு வருகிறேன் என்று மட்டும் கேட்டேன். போய்விட்டுத் திரும்பி வந்து, வாசலில் வண்டியைச் சாய்த்து நிறுத்தினேன். கண் கலங்கியது. தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

மனைவி தொழுவத்துக்குப் பக்கத்தில் நின்றாள். கையில் தோசைக் கரண்டி இருந்தது. இரும்புக் கடைக்காரரிடம் போய், வண்டி இல்லை, பரண் மேல் ஓட்டை அண்டா ஒன்று கிடக்கிறது, அதை எடுத்துக்கொண்டு போங்கள் என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கமிட்டிதான் வின்டேஜ் இல்லை என்று சொல்லிவிட்டதே என்றேன், ஏதோ நானே வண்டியை விற்க நிற்கிற மாதிரி.

"கமிட்டி கிடக்கு" என்றாள். பசுவைக் காட்டினாள். அது மூலையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. "நீங்க பாலத்துக்கிட்ட வரும்போதே இது எந்திரிச்சு அங்கன போய் நின்னுக்கிரும். எனக்குச் சத்தம் கேக்காது, இதுக்குத்தான் கேக்கும். இது எந்திரிச்சா நான் தோசைக்கல்லை அடுப்புல வைப்பேன். இத்தனை வருசமா அப்படித்தான். இந்த வண்டி போயிருச்சுன்னா நீங்க வர்றது எங்க ரெண்டு பேருக்கும் எப்படித் தெரியும்?"

அண்டாவை இறக்க நான்தான் ஏணி பிடித்தேன்.