காவலுக்கு வைத்த பிள்ளையார்

கஜலட்சுமிக்குக் கோபம் வந்த நாளுக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. வராத நாளுக்குத்தான் தேட வேண்டும். கண்டி டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் டொக்டரைப் பார்க்க வருகிறவர்களுக்கு நம்பர் கொடுப்பது அவள் வேலை. எல்லாருக்கும் அவசரம், எல்லாருக்கும் டொக்டரைத் தெரியும், எல்லாரும் ஒரு நிமிஷம்தான் என்பார்கள். அவர்களை வரிசையில் நிறுத்தி நிறுத்தியே தொண்டை கட்டிப்போனவள். வீட்டில் வந்து கத்தித் தீர்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. புருஷனுக்குப் பேக்கரியில் இரவு வேலை, பகலில் உறங்குகிற மனிதர். ஆகவே மிச்சக் கோபம் முழுவதையும் அவள் மஹய்யாவவில் தன் வீடு இருக்கிற சின்ன ஒழுங்கை பெரிய ரோட்டோடு சேருகிற சந்தியில்தான் இறக்கி வைப்பாள்.

அந்தச் சந்தியும் சும்மா இல்லை. ஊர்க்குப்பை பூராவும் அங்கேதான். ஒழுங்கைக்காரர்கள் மட்டும் போட்டால் சண்டை பிடித்தாவது நிறுத்தலாம். நல்ல நல்ல கார்களில் எங்கெங்கோ இருந்து வந்து, கண்ணாடியை இறக்கி, பையை வீசிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறார்களே, அவர்களை என்ன செய்வது? கஜலட்சுமியின் அப்பா மாநகர சபையில் வேலை செய்தவர். கண்டித் தெருக்களைக் கூட்டிக் கூட்டியே முதுகு வளைந்துபோனவர். அந்த மனிதர் ஊரைத் துடைத்ததற்கு ஊர் கொடுத்த பரிசு அவருடைய ஒழுங்கை வாசலில் அழுகிக் கிடக்கிறது என்று நினைக்க நினைக்க அவளுக்கு வயிறு எரியும்.

எரிந்தாலும் அது பழகிப்போன எரிச்சல்தான். அவளை எழுப்பி விட்டது வேறொன்று. மகள் பிரியாந்தினி வங்கியில் வேலை செய்கிறாள். கூட வேலை செய்கிறவர்களோடு சேர்ந்து ஒரு வேனில் வந்து போவாள். ஒரு நாள் மாலை பஸ்ஸில் வந்துகொண்டிருந்த கஜலட்சுமி, மகள் ஒரு பஸ் ஹோல்ட்டுக்கு முன்னாலேயே வேனிலிருந்து இறங்கி, தூறலில் குடையைப் பிடித்துக்கொண்டு நடப்பதைக் கண்டாள். வீட்டில் கேட்டதற்கு முதலில் நடந்தால் உடம்புக்கு நல்லது என்றாள் பெண். அம்மாவிடம் அந்தக் கதை எடுபடுமா? கடைசியில் உண்மை வந்தது.

"வேன்ல எல்லாரும் நம்ம சந்திக்குக் குப்பைச் சந்தின்னு பேரு வச்சிருக்காங்கம்மா. அங்க எறக்கி விடுங்கன்னு நான் எந்த வாயால சொல்றது?"

அன்றைக்குக் கஜலட்சுமி கத்தவில்லை. கத்தாத அம்மாவைப் பார்த்து மகளுக்கே பயம் வந்துவிட்டது. மறுநாள் அவள் மண்வெட்டி ஒன்றைக் கடன் வாங்கிக்கொண்டு சந்தியில் இறங்கினாள். தன் பெண் தன் ஒழுங்கை வாசலில் தலை நிமிர்ந்து இறங்க வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

துணைக்கு இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருவர் வீரசிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிக் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று இங்கேயே தங்கிவிட்டவர். ஒரு செடி நடுவதற்கும் தலைவர், செயலாளர், பொருளாளர் வேண்டும் என்கிற ரகம். மற்றவள் பக்கத்து ஒழுங்கை முஸ்லிம் வீட்டு மஸாஹிரா. மொட்டை மாடியில் பால்மா டின்களில் காடே வளர்த்து வைத்திருப்பவள், எந்தக் குச்சியை ஊன்றினாலும் அவளுக்குத் தளிர்க்கும். மூவருமாகக் குப்பையை அள்ளி, சபை லொறியில் ஏற்றி, மண் கொண்டுவந்து கொட்டினார்கள். செவ்வரத்தை, நந்தியாவட்டை, குரோட்டன் எல்லாம் வைத்தார்கள். பழைய டயர்களுக்கு வெள்ளை அடித்து வரம்பு கட்டினார்கள். நடுவில் புல் பதித்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஒரே ஒரு நாள்.

மறுநாள் புல்லின் நடுவில் ஒரு பை. வீரசிங்கம் மூன்று மொழியிலும் போர்டு எழுதி நட்டார். பையைக் கொண்டுவந்தவர்கள் நாய் இழுக்காமல் இருக்க அந்தப் போர்டிலேயே அதை மாட்டிவிட்டுப் போனார்கள். கஜலட்சுமி வேலைக்குப் போகுமுன் ஒரு முறை, வந்தபின் ஒரு முறை அள்ளினாள். கிளினிக்கில் வந்து நிற்கிறவர்களைப் பார்த்தால்கூட, இதில் எவன் பை போடுகிறவனோ என்றுதான் தோன்றியது அவளுக்கு.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நம் ஆட்களுக்கு மட்டும் வருகிற யோசனை அது. சுவரோரம் ஒன்றுக்கு அடிக்காமலிருக்கச் சாமி படம் ஒட்டுவோமே, அதேதான். வத்தேகமவில் சீமெந்துச் சிலை செய்கிற ஒருவரிடம் முழங்கால் உயரத்தில் பிள்ளையார் ஒன்று வாங்கி வந்து, செவ்வரத்தைக்கு முன்னால் ஒரு கல்லின் மேல் உட்கார வைத்தாள். பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டே குப்பையை வீச எந்தக் கை வரும்? வீரசிங்கம் இதற்குக் கூட்டம் போட்டுத் தீர்மானம் எடுக்கவில்லையே என்று முணுமுணுத்தார். மஸாஹிராவுக்கு ஆட்சேபணை ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்துச் செடிக்குத் தான் தண்ணீர் ஊற்றலாமா கூடாதா, அதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், செவ்வரத்தை காய்கிறது என்றாள்.

என்ன அதிசயம், பை நின்றுவிட்டது. அடியோடு நின்றுவிட்டது. தமிழரென்று இல்லை, சிங்கள டிரைவர்களும் பிள்ளையாரைத் தங்கள் பாஷையில் கணதெய்யோ என்று சொல்லிப் பிரேக்கை மிதித்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கார்க் கண்ணாடிகள் இறங்கின, கும்பிடு விழுந்தது, கண்ணாடிகள் ஏறின. கஜலட்சுமி இரண்டு வாரம் மனிதப் பிறவிபோல நடமாடினாள்.

பிறகு தொடங்கியது பாருங்கள் கழுத்தறுப்பு. முதலில் பூ போயிற்று. விடியுமுன் ஒரு மொட்டுகூட மிச்சமில்லாமல் பறித்து அந்தப் பிள்ளையார் தலையிலேயே வைத்தார்கள். கேட்டால், சாமிக்குப் பறித்த பூவைக் களவென்றா சொல்வீர்கள் என்று அவளிடமே திருப்பிக் கேட்டார்கள். அடுத்தது புல். பிள்ளையாருக்கு அறுகம்புல் ஆகும் என்பது உலகத்துக்கே தெரியும். இவள் பதித்தது அறுகா வேறு புல்லா என்று யார் பார்த்தார்கள், பிடுங்கிப் பிடுங்கித் தோட்டத்தின் நடுவில் வழுக்கை விழுந்துவிட்டது. சிதறு தேங்காய் ஓடு, கற்பூரக் கரி, எண்ணெய்ப் பிசுக்கு, அதில் மொய்க்கிற எறும்பு. போதும் போதும் என்றாகிவிட்டது.

அதுகூடப் பரவாயில்லை. ஒரு நாள் காலையில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் கண்ணாடி உடைந்த லட்சுமி படம் ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அடுத்த நாள் முருகன். பிறகு கறையான் அரித்த சட்டத்தோடு சரஸ்வதி, போன வருஷத்துக் கலண்டரிலிருந்து கிழித்த சிவன், மூக்கு உடைந்த மாதா, கை போன புத்தர். வீட்டில் சாமி படம் உடைந்தால் வைத்திருக்கவும் கூடாது, குப்பையில் போடவும் கூடாது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று வருஷக்கணக்காகத் தவித்துக்கொண்டிருந்த கண்டிச் சனம் முழுவதுக்கும் ஒரு வழி பிறந்துவிட்டது. ஓட்டோ பிடித்து வந்து இறக்கினார்கள். இறக்கிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கஜலட்சுமி சபை லொறியை மறித்து, இதையெல்லாம் ஏற்றுங்கள் என்றாள். லொறிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"அக்கா, குப்பைன்னா அள்ளுவோம்," என்றான் ஒருவன். "சாமிய எப்படி அள்ளுறது?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். குப்பை போடாதே என்று சாமியை வைத்தால், சாமியையே குப்பையாகக் கொண்டுவந்து போடுகிறார்களே, இதை யாரிடம் சொல்லி அழுவது?

இதற்கிடையில் ஓட்டோ ஸ்ரீதரனுக்குப் பக்தி முற்றிவிட்டது. அந்தச் சந்தியில் நின்று ஹயர் பிடிக்கிறவன். அவனாகவே வேட்டி கட்டிக்கொண்டு விளக்கேற்றத் தொடங்கி, இப்போது கூரை போட வேண்டும், தரைக்கு டைல்ஸ் பதிக்க வேண்டும், ஸ்பீக்கர் கட்ட வேண்டும் என்று ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான். அப்படியானால் செடிகள்? அதையெல்லாம் எடுத்துவிடலாம், இடம் காணாது என்றான் சர்வ சாதாரணமாக.

அந்த வாரமே சபையிலிருந்து ஒரு மேற்பார்வையாளர் வந்தார். நல்ல மனிதர், சிங்களத்தில் மெதுவாகவே சொன்னார். பூந்தோட்டம் என்றால் வைத்திருங்கள், தண்ணீர்க் குழாயும் இழுத்துத் தருகிறோம். ஆனால் ரோட்டுக் காணியில் கோயில் எழும்புவதற்கு விட முடியாது. மாத முடிவில் வந்து பார்ப்போம், அப்போதும் இப்படி இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்து வழித்துவிடத்தான் வேண்டும், மண் உட்பட.

பிள்ளையார் போக வேண்டும், அல்லது தோட்டம் போகும். கணக்கு அவ்வளவு சுலபம். ஆனால் யார் எடுப்பது? வீரசிங்கத்தைக் கேட்டாள். "ஓம் பிள்ளை, எடுக்கத்தான் வேணும், ஒரு உபகுழு போட்டுப் பாப்பம்" என்றார். கோயில் ஐயரைக் கேட்டாள். பிரதிஷ்டை செய்யாத சிலைதானே, தாராளமாக எடுக்கலாம் என்றார். வந்து எடுத்துத் தாருங்கள் என்றதும் அவருக்கு அன்றைக்கு அபிஷேகம், மறுநாள் கலியாணம். எடுக்கலாம் என்று சொல்ல ஊரே இருந்தது, தொட ஒரு கை இல்லை. ஸ்ரீதரன் மட்டும் நேரே சொன்னான்.

"ஒக்கார வச்ச சாமிய எழுப்பினா வீட்டுக்கு ஆகாதுக்கா. பொண்ணு வேற இருக்கு."

பாவி, சரியான இடத்தில் குத்தினான். கஜலட்சுமி சாமி இல்லை என்கிறவளா? வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிறவள். பெண்ணுக்கு ஒன்று ஆகிவிட்டால் என்று நினைத்த மாத்திரத்தில் சோறு இறங்கவில்லை. சாமியறைக்குப் போய் நின்றாள், என்ன வேண்டுவதென்று தெரியாமல் திரும்பி வந்தாள். கிளினிக்கில் வரிசையில் நிற்கிறவர்களிடம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கத்தினாள். மகளைப் பார்த்தாள். அவள் இன்னும் ஒரு ஹோல்ட் முன்னால்தான் இறங்கிக்கொண்டிருந்தாள். உடைந்த படக் குவியலுக்கு முன்னால் மட்டும் எப்படி இறங்குவாள்?

ஞாயிற்றுக்கிழமை காலையில், ஊர் பார்க்கப் பட்டப்பகலில், ஒரு வாளித் தண்ணீரோடு சந்திக்குப் போனாள். ஒழுங்கை முழுவதும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. பிள்ளையாரைக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்துத் துடைத்து, விபூதி பூசினாள். பிறகு அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"ஒன்னைய காவலுக்குத்தான வச்சேன்?" என்றாள். "நீ என்னடான்னா குடும்பத்தையே கூட்டிட்டு வந்து குடியேத்திட்ட. வா போவோம். கோவம்னா என்கிட்ட காட்டு, புள்ளகிட்ட போகாத."

தூக்கினாள். சீமெந்து, சும்மாவா இருக்கும்? இடுப்பில் ஏற்றியதும் கால் தள்ளாடியது. யாரும் அசையவில்லை. இரண்டடி வைப்பதற்குள் அவள் சாயப் பார்த்தாள், அதற்குமேல் ஸ்ரீதரனால் தாங்க முடியவில்லை. விழுந்திடப் போறாரு என்று ஓடிவந்து மறுபக்கம் தாங்கிக்கொண்டான். பிள்ளையாருக்காக வந்தானோ அவளுக்காக வந்தானோ, வீடு வரைக்கும் தூக்கி வந்தான். சாமியறையில் இடம் போதாமல் பிள்ளையார் அலுமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

படங்களை மஸாஹிராவும் அவளுமாகப் பிரித்தார்கள். தாளை மட்டும் கஜலட்சுமி எடுத்துக் கற்பூரம் ஏற்றி எரித்து, சாம்பலைச் செவ்வரத்தை வேரில் போட்டாள். மாதாவையும் புத்தரையும் வீரசிங்கம் அவரவர் இடத்தில் சேர்ப்பிப்பதாகப் பொறுப்பெடுத்தார், உபகுழு இல்லாமலே. மிஞ்சிய சட்டமும் கண்ணாடியும் வெறும் சட்டமும் கண்ணாடியும்தான், லொறிக்காரர்கள் மறு பேச்சில்லாமல் அள்ளினார்கள்.

திங்கட்கிழமை காலை பிள்ளையார் இருந்த கல்லின் மேல் ஒரு பை உட்கார்ந்திருந்தது.

இதற்கு மேல் என்ன சொல்வது? கஜலட்சுமி பையை எடுத்துப் போட்டுவிட்டு அந்தக் கல்லில் தானே ஏறி உட்கார்ந்தாள். வேலைக்குப் போகும்வரை இருந்தாள், வந்தபின் இருட்டும்வரை இருந்தாள். மறுநாளும் அப்படியே. ஒரு கார் மெதுவாக வந்தது, கண்ணாடி இறங்கியது, இவள் முறைத்தாள், கண்ணாடி ஏறியது. உடைந்த படத்தோடு வந்த ஒரு பெண், சாமி எங்கே என்று கேட்டாள். லீவில் போயிருக்கிறார், நான்தான் டியூட்டி என்றாள் இவள். அந்தப் பெண் படத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போய்விட்டாள். மஸாஹிரா செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தால், உனக்கும் சேர்த்து ஊற்றவா என்று கேட்டுச் சிரித்தாள். வழுக்கை விழுந்த இடத்தில் மறுபடி புல் பதித்தார்கள். மாத முடிவில் வந்த மேற்பார்வையாளர் சுற்றிப் பார்த்துவிட்டுக் குழாய்க்கு அளவெடுத்துக்கொண்டு போனார்.

ஆனாலும் உட்கார்ந்தே காவல் காக்க ஒரு மனுஷியால் முடியுமா? கிளினிக்கில் கூட்டம் அதிகமாகித் தாமதித்து வந்த ஒரு மாலை, பை ஒன்றை நாய் கிழித்துத் தோட்டம் முழுக்க இழுத்து வைத்திருந்தது. மீன் செதில், குழந்தைக்குக் கட்டிய பம்பர்ஸ், பழைய சோறு. கஜலட்சுமிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு, வெறுங்கையால் சாக்கில் அள்ளத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்தா மகளுடைய வேன் வர வேண்டும்.

அவள் சட்டென்று ரோட்டுக்கு முதுகைக் காட்டிக் குனிந்துகொண்டாள். மகள் வழக்கம்போல முந்தின ஹோல்ட்டிலேயே இறங்கியிருப்பாள், மற்றவர்கள் யாரோ குப்பை அள்ளுகிறவள் என்று நினைத்துக்கொண்டு போகட்டும். ஆனால் வேன் போகவில்லை. நின்றது. கதவு திறக்கிற சத்தம் கேட்டது. உள்ளே யாரோ ஒருத்தி, இது யாரு என்று கேட்பதும் கேட்டது.

"எங்கம்மா," என்றாள் பிரியாந்தினி. "இந்தத் தோட்டம் இவங்க போட்டது."

கதவு சாத்திக்கொண்டது. வேன் போயிற்று. பெண் கைப்பையைத் தோளில் பின்னுக்குத் தள்ளி, சேலைக் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, சாக்கின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். கஜலட்சுமி ஏதோ சொல்ல நினைத்தாள். சாக்கில் ஒரு கை அள்ளிப் போட்டாள். வாயில் வந்தது வழக்கமான குரல்தான்.

"புல்லு மேல நிக்காத. இப்பதான் வேரு புடிக்குது."

மகள் காலை எடுத்து டயர் வரம்பின் மேல் வைத்துக்கொண்டாள்.