ஆறு மூட்டையும் அளவான காற்றும்

டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று யாராவது கேட்டால், முதலில் சுமை என்னவென்று சொல்லுங்கள் என்பேன். அதைக் கேட்காமலே அளவு சொல்கிறவனுக்கு வண்டி ஓட்டத் தெரிந்திருக்கலாம், டயரைத் தெரியாது. எழுபதுகளின் கடைசியில் மதுரை வில்லாபுரத்தில் பழைய பிக்கப் வேன் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டத் தொடங்கியதிலிருந்தே எனக்கு இந்தத் திமிர் உண்டு. எங்கள் பக்கத்தில் டயரைக் காலால் உதைத்துப் பார்ப்பார்கள். கல் மாதிரி இருந்தால் திருப்தி. நான் காற்றளவு காட்டும் கேஜ் வைத்துப் பார்ப்பேன். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஒத்தக்கடை தாண்டி உள்ளே தள்ளியிருந்த ஒரு கிராமத்தில் அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தோம். இரண்டு முறை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது முறை ஏழாம் மாதத்தில் லேசாக உதிரம் கண்டது. வந்து பார்த்த நர்ஸம்மா, மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள், வழியில் குலுங்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். மச்சான் ஆள் அனுப்பினார். காலையிலேயே வேனோடு போய் நின்றேன்.

அங்கிருந்து தார் ரோடு வரை கால்வாய்க் கரையில் மண்பாதை. வண்டியோ முந்தின நாள் சிமெண்டு ஏற்றியது. பின் டயர்களில் அந்தச் சுமைக்கான காற்று அப்படியே இருந்தது. காலியாக ஓட்டினால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தூக்கிப் போடும். காற்றை இறக்கினால் மட்டும் போதாது. பாரம் இருந்தால்தான் ஸ்பிரிங் பட்டை அமுங்கிக் கொடுக்கும். பக்கத்து வீட்டில் மண்டிக்குப் போகக் கட்டி வைத்திருந்த நெல்லில் ஆறு மூட்டையைக் கேட்டு வாங்கி ஏற்றினேன். பிறகு குத்துக்காலிட்டு, அந்த ஆறு மூட்டைக்கு ஏற்ற அளவு வரும்வரை காற்றை இறக்கினேன்.

மச்சான் வெளியே வந்து பார்த்தார்.

"புள்ளத்தாச்சிய ஏத்திட்டுப் போறப்பவுமா மண்டிக்குச் சரக்கு ஏத்துவ மாப்ள? ஒரு நாள் வாடகை போனா என்ன?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. கூடப்பிறந்தவளை வண்டியில் வைத்துக்கொண்டு வாடகை பார்க்கிறவனா நான்?

"வாடகைக்கு ஏத்தல மச்சான். பாரம் இருந்தாத்தான் வண்டி துள்ளாது."

"அப்பறம் எதுக்குக் காத்தப் புடுங்குற? பாதி வழியில உக்காந்துருச்சுன்னா?"

"நீங்க மாட்டு வண்டிக்குச் சொல்லுங்க, கேட்டுக்கிறேன். இது என் வண்டி. பின்னால ஏறுங்க."

"தம்பி சொல்றதக் கேளுங்க" என்றாள் வாசலில் நின்ற அக்கா. அவர் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தார்.

அக்காவை முன் சீட்டில் தலையணைகளுக்கு நடுவே சாய்த்து, இரண்டாம் கியரிலேயே உருட்டினேன். பள்ளம் வந்தபோதெல்லாம் வண்டி தூளி மாதிரி அமுங்கி எழுந்தது. இந்த அளவுதான் சரி, காற்று ஒரு பவுண்டு கூடியிருந்தாலும் கெட்டது என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன். ஒத்தக்கடை வரும் முன்பே அக்கா தூங்கிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். வெகுநேரம் கழித்து மச்சான் வெளியே வண்டியருகே வந்தார்.

"பிள்ளைக்கு நாடி நல்லா அடிக்குதாம் மாப்ள."

நான் கேஜை எடுத்துக்கொண்டு பின் டயர் பக்கம் குனிந்துகொண்டேன். நான் இன்னும் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல. "வாடகைன்னு சொன்னத மனசுல வச்சுக்காத" என்று தோளைத் தொட்டார்.

கோபம் எங்கே இருந்தது? காலையிலிருந்து பயம்தான், இந்தப் பிள்ளையும் தங்காமல் போய்விடுமோ என்று. வழியெல்லாம் அப்படிப் பேசியதும் அதனால்தான். அது அவருக்குத் தெரிய வேண்டாம், கோபம் என்றே இருக்கட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.