கறி வாசம் காட்டிய திருப்பம்

வண்டியை நிறுத்துவதில் குமுதா பெயர் போனவள். டத்தோ கிராமாட் சாலையில் கோழி குறுக்கே வந்தாலும் நிற்பாள். வரும்போலத் தெரிந்தாலும் நிற்பாள். "உன் காடியில ஏறினா, போய்ச் சேர்றதுக்குள்ள ரிட்டையர் ஆயிடலாம்லா" என்பான் கணவன் தயாளன். அவள் கோபப்பட மாட்டாள். விமானங்களுக்குள் இருக்கை துடைத்துக்கொண்டிருந்தவள், நாற்பதைத் தாண்டிய பிறகு பரீட்சை எழுதி, விமான நிலைய ஓடுதளத்தை ஒட்டிய பாதைகளில் வண்டி ஓட்டும் அனுமதி அட்டையை வாங்கியிருந்தாள். தாலிக்குப் பக்கத்திலேயே அது தொங்கும்.

விமானங்கள் உருண்டு போகும் பாதைகளில் கிடக்கும் கல், ஆணி, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் உறிஞ்சி எடுப்பது அவளுடைய வண்டி. ஒரு சின்னத் திருகாணி போதும், இஞ்சினைத் தின்றுவிடும்.

அங்கே பலகைகள்தான் வழிகாட்டி. கறுப்பில் மஞ்சள் எழுத்து, நீ நிற்கும் இடம். மஞ்சளில் கறுப்பு எழுத்தும் அம்பும், போகிற வழி. சிவப்பு என்றால் அப்பால் ஓடுதளம். கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதி இல்லாமல் ஓர் அடி நகரக்கூடாது. ஆனால் அந்த எழுத்தும் எண்ணும் குமுதாவின் கூட்டத்துக்கு நாக்கில் ஒட்டவில்லை. பூனை குட்டி போட்ட இடம் பூனை முனை. விமானச் சாப்பாடு சமைக்கும் கூடத்திலிருந்து கறி வாசம் அடிக்கும் திருப்பம், கறிச்சோற்றின் பேரால் நாசி கண்டார் முனை. வண்டிகளை அனுப்பும் முஸ்தஃபா வாக்கி டாக்கியில் அப்படித்தான் வழி சொல்வார்.

அன்று மத்தியானம் மழை கொட்டியது.

"குமுதா, நாசி கண்டார் முனையில இடது எடும்மா."

"சரிண்ணே."

சந்திப்பில் மூன்று பலகைகள் ஒட்டி நின்றன. இரண்டு அம்புகளும் ஒரே பக்கம் சாய்வதுபோல் இருந்தது. கண்ணாடித் துடைப்பான் எழுதிக் காட்டியதை மழை உடனே அழித்தது. குமுதா பக்கக் கண்ணாடியை விரலளவு இறக்கினாள். கறி வாசம் வந்தது. இடது பக்கம் திரும்பினாள்.

சமையல்கூடம் போன வாரம்தான் இடம் மாறியிருந்தது. முஸ்தஃபா சொன்னது பழைய திருப்பத்தை; வாசம் அடித்தது இங்கே. புதுக் கூடத்தின் கெண்டூரி விருந்தில் அவளும்தான் சாப்பிட்டாள். மூக்குக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

எதிரே சிவப்புப் பலகை. நின்று பழகிய கால் தானாக பிரேக்கை அழுத்தியது.

யாரும் பார்க்கவில்லை. இந்த மழையில் கோபுரத்துக்கும் தெரியாது. மெல்லப் பின்னால் எடுத்தால் அட்டை கழுத்தோடு இருக்கும். கை கியரைத் தொட்டது. பின்கண்ணாடியில் வெறும் வெள்ளை. அங்கே விமானம் வந்துகொண்டிருந்தால்?

கையை எடுத்தாள். மைக்கை அழுத்தி, வழி தப்பிவிட்டேன், சிவப்புப் பலகைக்கு முன்னால் நிற்கிறேன் என்று கோபுரத்துக்குச் சொன்னாள். அங்கேயே இரு என்று பதில் வந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு விமானம் இறங்கி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எதிரே ஓடியது. வண்டி நடுங்கி முடிந்த பிறகுதான் அவள் ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்தாள்.

மேலதிகாரி இஸ்ஸதி அட்டையை வாங்கி வைத்துக்கொண்டாள். விசாரணைக்கு முன் முஸ்தஃபா வாசலில் மறித்தார்.

"நான் சொல்லித்தான் நீ திரும்பினேன்னு சொல்லிடும்மா."

"வாய் உங்களுதுண்ணே. ஸ்டீரிங் என் கையிலதானே இருந்துச்சு?"

உள்ளே அவள் மழையைச் சொன்னாள், அம்புகளைச் சொன்னாள், கடைசியில் வாசத்தையும் சொன்னாள். இஸ்ஸதி சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு சிரிக்காமல், குமுதாவும் முஸ்தஃபாவும் மறுபடி பரீட்சை எழுத வேண்டும் என்றாள். தேறினால்தான் அட்டை. அந்தப் பலகைகளைத் தள்ளித் தள்ளி வைக்கவும் எழுதிப் போட்டாள்.

தயாளன் தான் வேலை செய்யும் புக்கிட் தெங்கா தொழிற்சாலையிலிருந்து காகித அட்டைகள் கொண்டுவந்து, அவள் படிக்க அந்தப் பலகைகள்போல் வண்ணம் தீட்டி வீடெங்கும் ஒட்டினான். குளிர்பெட்டியின் மேல் சிவப்பு.

"ஐஸ்கிரீம் வேணும்னா டவர்கிட்ட கேக்கணும்."

"டவர் யாரு?"

"நான்தான்."

"அப்ப டவருக்கு இன்னிக்குச் சோறு கிடையாதுலா."

தேறினாள். அட்டை தாலிக்குப் பக்கத்தில் திரும்பி வந்த முதல் நாள், வெயில் பளீரென்று இருந்தது. அதே சந்திப்பில் வண்டியை நிறுத்தினாள்.

"ஏம்மா நின்னுட்டே?" முஸ்தஃபாவின் குரல்.

"போர்டு படிக்கிறேண்ணே."

"படி, படி. நானும் எழுத்துக் கூட்டித்தான் சொல்றேன் இப்ப."

கறி வாசம் இடது பக்கமிருந்து கூப்பிட்டது. நல்ல மசாலா, வயிறு பதில் சொன்னது. குமுதா கண்ணாடியை ஏற்றிவிட்டு, அம்பு காட்டிய வலது பக்கம் திரும்பினாள்.